மீசைக்குப் பின்னால் ஒரு வால்

மிஸ்,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம். உங்கள் செருப்பை ஒன்றரை வருடமாக நான்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். பழுப்பு நிறம், கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது. ரேக்கில் ஏழாம் நம்பர் அறையில் கிடந்தது. முதல் மூன்று மாதம் துடைத்துத் துடைத்து அங்கேயேதான் வைத்திருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று பார்த்தேன். செருப்பைக் கேட்டு யார் வருவார்கள்? ஒரு மழை நாளில் என் செருப்பு அறுந்தது. இன்றைக்கு மட்டும் என்று உங்களுடையதை மாட்டினேன். அந்த இன்றைக்கு முடியவே இல்லை. உங்கள் கால் என் காலைவிட ஒரு விரல் அளவு சின்னது. குதிகால் வெளியே தொங்கும். என் வீட்டுக்காரர்கூட, "இன்னா, கொழந்த செருப்ப மாட்டிக்கினு வந்துகீற" என்று கேட்டார். யாருடையது என்று சொல்லவில்லை. வெட்கம் பாதி, சோம்பல் பாதி.

நேற்று, சனிக்கிழமை, புது பேட்ச் ஆரம்பம். உங்கள் காலத்துப் பிரிண்டர்தான் இன்னும் இருக்கிறது. கரகரவென்று இரைந்து முதல் தாளைத் துப்பியது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அதே தாள், ரிப்பன் மையின் அதே வாசனை. அந்த வாசனை வந்தால் என் கண் தானாகத் தாளின் கடைசி வரிக்குப் போய்விடும். போனது. மீசை மூடியிருந்தது. பின்னால் வால் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், மீசை என்பது வளைந்து வளைந்து இருக்கும் அடைப்புக்குறி, வால் என்பது அரைப்புள்ளி. நீங்களும் நானும் வைத்த பேர்கள்.

"இன்னாமா, மீசய மூடிட்டு வால எங்க வுட்ட?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் என்னையும் என் கையிலிருந்த துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புது மிஸ் வந்து தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நல்ல பெண், உங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "அக்கா, நீங்க சொல்றது பழைய சி ப்ளஸ் ப்ளஸ். இது ஜாவா. இதுல கிளாஸ் முடிஞ்சப்புறம் செமிகோலன் வேணாம்" என்றார்.

வால் வேண்டாமாம் மிஸ்.

நான் போய் ரேக் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். முட்டி வலி என்று சொல்லிக்கொண்டேன். முட்டியும் வலித்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் அந்த சென்டருக்கு வந்தது கம்ப்யூட்டருக்காக அல்ல, செருப்புக்காக. மேற்குத் தாம்பரத்தில், கீழே பாத்திரக் கடை, மேலே நாம். ஏசி ரூமுக்குள் தூசி போகக் கூடாது, எல்லோரும் செருப்பை வெளியே விட வேண்டும். விட்ட செருப்புகள் மாறிப் போகின்றன என்று புகார். அதனால் டைரக்டர் சார் ஒரு ரேக்கும், அட்டையில் நம்பர் எழுதிய டோக்கனும், என்னையும் போட்டார். செருப்பு பார்க்க வேண்டும், பெருக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும். அதற்கு முன்னால் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டையில் தொங்கும் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கச் சட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை. படிப்பு ஐந்தாவது. ஏபிசிடி தெரியும், அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரியாது. படிக்கிற பெண்கள் எனக்குச் செருப்பு அக்கா என்று பேர் வைத்தார்கள். நான் அவர்களுக்கு வைத்த பேர்களை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், இங்கே எழுத வேண்டாம்.

நீங்கள் என்னைக் கவனித்தது அந்த ஃபார்ம் விவகாரத்தில்தான். சேர்க்கை ஃபார்மை ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி டைரக்டர் சார் மேஜையில் ஒன்றை வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. அதற்குள் மேடவாக்கத்திலிருந்து வசந்தி என்று ஒரு பெண் சேர வந்தாள். ஃபார்ம் கேட்டாள், இருந்த ஒன்றைக் கொடுத்தேன், பேனாவையும் கொடுத்தேன். அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள். மறுநாள் அதையே கொண்டுபோய் ஐம்பது எடுத்து வந்தேன். ஐம்பதும் மேடவாக்கம் வசந்தி. டைரக்டர் சார் கத்தியது பாத்திரக் கடைவரை கேட்டது. நீங்கள் மட்டும் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நின்றீர்கள். அப்புறம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

"இது கிளாஸ். இதுலேர்ந்து எடுக்கற காப்பிதான் ஆப்ஜெக்ட். பேரைக் காப்பியிலதான் எழுதணும். கிளாஸ்லயே எழுதினீங்கன்னா, தாம்பரத்துல எல்லாரும் மேடவாக்கம் வசந்திதான்" என்று நீங்கள் சொன்னதும் உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தது. வசந்தியும் உள்ளேதான் இருந்தாள், பாவம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் வகுப்பில் என் முட்டாள்தனத்தைத்தான் உதாரணமாகச் சொன்னீர்கள். எனக்கு அதில் பெருமைதான். வேறு எதற்காக ஒரு வகுப்பில் என் பேர் அடிபடப் போகிறது?

உங்கள் கண் விஷயம் எனக்குச் செருப்பில்தான் தெரிந்தது.

வகுப்பு முடித்து வெளியே வந்தவர், ஏழாம் நம்பரை விட்டுவிட்டு நான்காம் நம்பர் செருப்பில் காலை விட்டீர்கள். "இன்னா மிஸ், புச்சு மாத்திக்கினு பழச எனுக்கு வுட்டுட்டுப் போறீங்களா?" என்று கேலி பண்ணினேன். சிரித்தீர்கள். மறுநாள் இரண்டாம் நம்பர். அன்றைக்கும் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். மூன்றாம் நாள் ரேக்கின் முன்னால் நின்று, கண்ணால் பார்க்காமல், கால் விரலால் தடவித் தடவித் தேடினீர்கள். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. குனிந்து எடுத்து உங்கள் காலடியில் வைத்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

"எழுத்தெல்லாம் தண்ணில கரையற மாதிரி தெரியுது அக்கா. சுகர். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

யாரிடம் சொல்வேன்? குரோம்பேட்டையில் உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, வேலைக்குப் போகிறவர் நீங்கள் ஒருவர். டைரக்டர் சார் அந்த வருடம் ஏற்கெனவே ஒரு சாரை, திருத்த வேண்டிய தாள்களைத் தாமதமாகக் கொடுத்தார் என்று அனுப்பியிருந்தார். உங்கள் மேஜையில் திருத்தாத தாள் ஏறிக்கொண்டே போனது. பெருக்குகிறவளுக்குத்தானே மேஜையின் உயரம் தெரியும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் பேட்டரி ரூமில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தீர்கள். படியுங்கள் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எனுக்கு ஒரு எழவும் புரியாதே மிஸ்."

"அதுதான் அக்கா வேணும். புரிஞ்சவங்க என்ன இருக்கணுமோ அதைப் படிச்சிடுவாங்க. நீங்க என்ன இருக்கோ அதைத்தான் படிப்பீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தோம். சி, எல், ஏ, எஸ், எஸ் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். குறிகள் வந்ததும் தடுமாறினேன். "இங்க மீச மாரி ஒண்ணு கீது மிஸ்." "திறந்த மீசையா, மூடின மீசையா?" "தொறந்த மீச." "சரி, மேல." பேட்டரி புளித்த வாசனைக்கு நடுவில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அரைப்புள்ளி வால் ஆனது. நான்கு புள்ளி வந்தால் நாற்காலி. அம்பு அம்பாகவே இருந்தது. வளைந்து நெளிந்து ஒன்று வருமே, அதற்குப் புழு. இரண்டு வாரத்தில் ஒரு தாளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். சிவப்புப் பேனாவில் திருத்துவது நான், திருத்தம் சொல்வது நீங்கள். உங்கள் கையெழுத்துபோல் போடவும் பழகிவிட்டேன். அதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

எத்தனை பேட்ச் வந்தாலும் தப்பு அதேதான் மிஸ். அந்த அலுப்பு இப்போதும் எனக்குள் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்கள், பேங்கில் வேலை பார்க்கிறவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள். கிளாஸை எழுதி முடித்து, மீசையை மூடி, வாலை வைக்க மறந்துவிடுவார்கள். மற்ற இடங்களில் மீசையை மூடினால் போதும், கிளாஸுக்கு மட்டும் வாலும் வேண்டும். அது கம்ப்யூட்டருக்கு அந்த இடத்தில் தெரியாது. ஐந்து வரி தள்ளிப் போய், ஒரு தப்பும் இல்லாத வரியைக் காட்டிக் கூச்சல் போடும். பெண்கள் அந்த வரியையே போட்டுப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். "அது கத்தற எடத்த பாக்காதீங்க, அதுக்கு மேல பாருங்க" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? எங்கள் வீட்டில் நடக்கிற சண்டையும் அப்படித்தான். சோறு குழைந்தது என்று வீட்டுக்காரர் கத்துவார், காரணம் காலையில் நடந்திருக்கும்.

அப்புறம் பப்ளிக் என்று போட மறப்பது. போடாவிட்டால் உள்ளே இருக்கிறது எல்லாம் பிரைவேட், வெளியிலிருந்து கூப்பிட்டால் எதுவும் வராது. அதைச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் கோபத்தில் எல்லாவற்றையும் பப்ளிக்கில் கொட்டி வைப்பார்கள். கதவைத் திற என்றால் கதவையே கழற்றி வைக்கிற ஜாதி என்பீர்கள். கிளாஸ் பேரிலேயே ஒன்று எழுத வேண்டும், கன்ஸ்ட்ரக்டர், அது தன்னாலேயே ஓடி எல்லாவற்றையும் எடுத்து வைக்கும். அதற்கு முன்னால் வாய்ட் என்று போட்டுவிடுவார்கள். வாய்ட் என்றால் என்ன என்று நான் கேட்டேன். ஒன்றும் திருப்பித் தராது என்று அர்த்தம் என்றீர்கள். சரியாகத்தானே போட்டிருக்கிறார்கள், அதுவும் ஒன்றும் தரவில்லையே என்றேன். "அங்க ஒண்ணும் இல்லைன்னுகூடச் சொல்லக் கூடாது அக்கா" என்றீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால் இப்போது பதிலே சொல்வதில்லை.

இதெல்லாம் நான் கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடிக்க முடியாத ஒன்று வந்தது. ஒரு பெண் எழுதிய புரோகிராமில் ஒரு தப்பும் காட்டவில்லை, ஓடவும் ஓடியது, ஆனால் நூற்றுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் மார்க் என்று காட்டியது. நான் மூன்று தடவை வாசித்தேன். மீசை இருந்தது, வால் இருந்தது, எல்லாம் இருந்தது. ஓர் இடத்தில் மார்க் ஈக்வல் மார்க் என்று வந்ததும் நிறுத்தினீர்கள்.

"அதான்."

"இன்னா மிஸ், ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான கீது, கரீட்டா."

"ஒண்ணா இருக்கறதுதான் தப்பு." கொஞ்சம் யோசித்துவிட்டு என் வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். இருக்கிறார்கள். மாமனார் பேர் எல்லப்பன். என் கொழுந்தனாரும் தன் மகனுக்கு அந்தப் பேரை வைத்தார், நாங்களும் எங்கள் மகனுக்கு வைத்தோம். ஒரே வாசலில் இரண்டு எல்லப்பன். கூப்பிட்டால் யார் திரும்புவார்கள் என்றீர்கள். யார் கிட்ட இருக்கிறார்களோ அவர்கள்தான் என்றேன்.

"இங்கயும் அப்படித்தான். வெளியிலேர்ந்து வந்த மார்க் கிட்ட நிக்குது. நீங்க மார்க்குன்னா ரெண்டு தடவையும் அதான் திரும்புது. உள்ள இருக்கற மார்க்கை யாரும் கூப்பிடவே இல்ல, அதுல குப்பை அப்படியே கிடக்கு. சரி, உங்க பையனைக் கூப்பிடணும்னா என்ன பண்ணுவீங்க?"

"எங்கூட்டு எல்லப்பான்னு கூப்டுவேன்."

நீங்கள் மேஜையில் தட்டிச் சிரித்தீர்கள். புத்தகத்தில் அதற்கு திஸ் என்று பேராம், அம்பு போட்டு எழுத வேண்டுமாம். இவ்வளவு நாள் அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாமல் தவித்தேன், நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள் என்றீர்கள். மறுநாள் வகுப்பில் எங்கூட்டு மார்க் ஈக்வல் மார்க் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, செருப்புகளுக்கு நடுவில், ராணி மாதிரி இருந்தேன்.

அந்தப் பெருமைதான் என் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு சாரும் ஒரு மேடமும் வந்திருந்தார்கள், தங்கள் மாணவிகளை இங்கே அனுப்பலாமா என்று பார்க்க. டைரக்டர் சார் டை கட்டியிருந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் மெஷினில் இருந்த பெண் பதினோரு எரர் என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் தள்ளி நின்றீர்கள். வழக்கமாக நான் திரையைத் துடைக்கிற சாக்கில் மஞ்சள் துணியோடு போய், உங்கள் காதுக்கு மட்டும் முணுமுணுப்பேன். அன்றைக்கு விருந்தாளிகள் முன்னால் எனக்கு என்ன வந்ததோ, டீத்தட்டைப் பிடித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். "பதினொண்ணும் இல்லமா. ஒரே ஒரு வால் வுட்டுட்ட. அத்த வெய்யி, எல்லாம் வாய மூடும்."

அவள் வைத்தாள். எல்லாம் வாயை மூடிற்று. வந்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு தாளாகக் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. பெருக்குகிற அம்மா சொல்வதற்கு முன்னால் மிஸ் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து உங்கள் கையில் கொடுத்து, "இதுல என்ன தப்பு, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

நீங்கள் தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். தாள் தலைகீழாக இருந்தது.

நான் பார்த்தேன். டைரக்டர் சாரும் பார்த்தார். அந்த மேடமும் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தார். நீங்கள் தாளை இறக்கினீர்கள்.

"எனக்குப் பார்வை சரியில்ல சார். அக்கா, நீங்க படிங்க."

டீத்தட்டை மேஜையில் வைத்தேன். தாளை நேராகத் திருப்பிப் படித்தேன். திறந்த மீசை என்றதும் அந்த சார் சிரித்தார். வால் என்றதும் மறுபடி சிரித்தார். நாலாவது வரிக்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மார்க் ஈக்வல் மார்க் என்று வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை மிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வால் இருக்கா?" என்றீர்கள்.

"கீது மிஸ்."

"மீசை?"

"கீது."

"அப்ப, எங்கூட்டு இல்ல" என்றீர்கள்.

அந்த மேடம் அப்படியென்றால் என்ன என்று கேட்டார். நீங்கள் இரண்டு எல்லப்பன் கதையைச் சொன்னீர்கள், நின்ற இடத்திலேயே, கண்ணை மூடிக்கொண்டு. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் கல்லூரிப் பெண்கள் வரவில்லை, வேறு எங்கோ புது மெஷின்கள் இருக்கிற சென்டருக்குப் போய்விட்டார்கள். ஆனால் கீழே படி இறங்கும்போது அந்த மேடம் டைரக்டர் சாரிடம், இந்த டீச்சரை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதை நான் செருப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அதனாலோ என்னவோ அவர் உங்களை விடவில்லை. எனக்கு மட்டும், செருப்போடு நிறுத்திக்கொள் என்று ஒரு வார்த்தை. அதையும் நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் நாற்காலி பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னீர்கள்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாய் மிஸ், என் வாய் என்று நான் புலம்பியபோது நீங்கள் கோபப்படவே இல்லை. "எல்லாத்தையும் பிரைவேட்லயே வெச்சா வேலை நடக்காது அக்கா. ஒண்ணாவது பப்ளிக்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, குரோம்பேட்டை வழியாகப் போகிற பீச் ரயில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டீர்கள்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. அப்புறம் அந்த ஸ்டேப்ளர் பின்.

தாள்களைச் சேர்த்துப் பின் அடிப்பார்கள், பிரிப்பார்கள், பின் தரையில் விழும். ஏசி ரூமில் எல்லோரும் வெறுங்கால், நீங்களும். நான் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பெருக்குவேன். அன்றைக்கும் பெருக்கினேன். சாயங்காலம் வெள்ளைத் தரையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. யாரோ மையைச் சிந்திவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே துடைத்துப் போனேன். புள்ளிகள் உங்கள் நாற்காலியில் போய் முடிந்தன. "மிஸ், கால்ல இன்னா?" என்றேன். "ஏன், என்ன?" என்று என்னையே கேட்டீர்கள். பாதத்தில் பின் முழுசாக ஏறி நின்றது. உங்களுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை கண்ணை மட்டும் எடுக்கவில்லை, காலின் உணர்ச்சியையும் எடுத்திருந்தது. நான்தான் பிடுங்கினேன்.

இரண்டு வாரத்தில் கால் வீங்கிக் கறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே குளிர் ஜுரத்தில் சரிந்தீர்கள். மாணவிகள் நான்கு பேர் தாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். "இருக்கட்டும் அக்கா, திங்கக்கிழமை வந்துடுவேன்ல" என்றீர்கள். திரும்பக் கொண்டுபோய் ஏழில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, நான் இரண்டு தடவை பெருக்கினேன் மிஸ், எப்படி விட்டேன் என்று தெரியவில்லை என்றேன். நூல் வெட்டிய கண், வாலைப் பிடித்த கண், ஒரு பின்னைப் பார்க்கவில்லை. நீங்கள் கண்ணை மூடியபடியே, "பாத்திருந்தா சுத்தமாத்தான் அக்கா தெரிஞ்சிருக்கும். மார்க் ஈக்வல் மார்க்" என்றீர்கள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். ஆறுதலாக இல்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் நீங்கள் வரவில்லை. நான்தான் மாலையோடு குரோம்பேட்டைக்கு வந்தேன்.

அப்புறம் நான் ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்துக் கயிற்றில் கட்டினேன். பெருக்கி முடித்ததும் அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போவேன். நாய்க்குட்டியை வாக்கிங் கூட்டிப் போகிறாயா அக்கா என்று கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும், நான் பண்ணாத கேலியா? ஒவ்வொரு நாளும் இரண்டோ மூன்றோ ஒட்டிக்கொண்டு வருகிறது. சுத்தமான தரையிலிருந்துதான்.

நேற்று ஸ்டூலில் உட்கார்ந்து, வால் வேண்டாமாம் மிஸ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போல. புது மிஸ் திரும்பி, "என்னக்கா, கூப்பிட்டீங்களா?" என்றார். கிட்ட இருந்தவர் அவர்தானே.

"உங்கள இல்ல மிஸ். எங்கூட்டு மிஸ்ஸ" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சொன்னேன். இரண்டு எல்லப்பன்வரைக்கும் சொன்னேன், பின்னைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, ஜாவாவிலும் மார்க் ஈக்வல் மார்க் என்று போட்டால் அதே தப்புத்தான் என்றார். குப்பை வராதாம், பூஜ்யம் வருமாம். அம்புக்குப் பதில் வெறும் புள்ளியாம். ஆனால் திஸ் வேண்டுமாம். வாலை மட்டும் எடுத்துவிட்டார்கள் மிஸ், எங்கூட்டை எடுக்க முடியவில்லை. வாலை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, கண்டுகொள்ளாது என்றார். அப்படியானால் நான் வைத்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

சாயங்காலம் பேட்ச் முடிந்தது. டோக்கனை வாங்கி வாங்கிச் செருப்பைக் கொடுத்தேன். கொஞ்ச நாளாக டோக்கனைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் நம்பர் தெரிகிறது. எல்லோரும் போன பிறகு பார்த்தால், காலையில் வந்ததும் உங்கள் செருப்பைக் கழற்றி வைக்கிற ஏழாம் அறை காலி. ஒன்றாம் அறையில் ஒரு ஜோடி மீந்திருந்தது, அதுவும் பழுப்பு, அதுவும் வளையம் வைத்தது, புதுசு. ஒன்றாம் நம்பர் டோக்கனை ஏழு என்று படித்து உங்கள் செருப்பைக் கொடுத்திருக்கிறேன். வாங்கிய பெண்ணும் பார்க்கவில்லை, மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மீந்ததை நான் மாட்டிக்கொண்டேன். உங்களுடையதைவிடச் சின்னது. படப்பை பஸ் படியில் ஏறும்போது வளையம் அறுந்தது. நாளை திங்கட்கிழமை, அந்தப் பெண் வந்து செருப்பைக் கேட்பாள்.